நாற்பது படம் கொடுத்தேன், கடைசி ஒன்றுதானே தெரிகிறது?

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு பைத்தான் என்ற புரோகிராம் மொழியைச் சொல்லித் தருகிறேன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு தங்கை ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, நாப்பது போட்டோ குடுத்தேன், கடைசி ஒண்ணுதான் வருது" என்றாள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன்பே விடியற்காலை ஏலத்துக்குப் போய், வஞ்சிரம், சங்கரா, வவ்வால், இறால், நண்டு, நெத்திலி என்று பெட்டி பெட்டியாக நின்று எடுத்த படங்கள். எல்லா மீனையும் ஒரே திரையில், கீழே பெயரோடு காட்ட வேண்டும். அதுதான் அவளுடைய கல்லூரி புராஜெக்ட்.

இந்தக் கேள்வியோடு வருகிறவள் அவள் ஒருத்தி மட்டுமில்லை. ஒரு படத்தைத் திரையில் காட்டுவது எல்லாருக்கும் முதல் நாளே வந்துவிடுகிறது, இரண்டாவது படத்தில்தான் சிக்கல். யாரைக் கேட்டாலும் "லூப் போடு", "வேற லைப்ரரிக்கு மாறு" என்று ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். (லூப் என்பது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, லைப்ரரி என்பது வேறு யாரோ எழுதி வைத்திருக்கும் கட்டளைகளின் தொகுப்பு.) நான்கு வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது, ஓடினாலும் ஏன் ஓடியது என்று தெரியாது. எனக்கு இதில்தான் வருத்தம். உள்ளே நடப்பது அவ்வளவு கஷ்டமான விஷயமே இல்லை, அடியிலிருந்து யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். சரி, அடியிலிருந்தே வருவோம்.

மடித்த புடவையும் விரித்த புடவையும்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கப் போயிருப்பீர்கள். மடித்து, கவரில் போட்டு அடுக்கினால் ஒரே தட்டில் ஐம்பது புடவை அடங்கிவிடும். அதில் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டச் சொன்னால் ஐந்தரை மீட்டர் துணி, எதிரே விரித்திருக்கும் பாய் முழுக்க அதற்கே போய்விடும். ஜேபெக் கோப்பு என்பது மடித்த புடவை. போனில் எடுத்த படம் 3 எம்பி, 4 எம்பி என்று காட்டுகிறதே, அது மடித்த அளவு. திரையில் காட்ட வேண்டுமென்றால் புரோகிராம் முதலில் அதைப் பிரித்தாக வேண்டும். இப்படிப் பிரிப்பதைத்தான் டிகோட் செய்வது என்கிறார்கள்.

பிரித்தால் உள்ளே இருப்பது புள்ளிகள். மார்கழியில் வாசலில் கோலம் போடுவதற்கு முன் புள்ளி வைப்பார்களே, அந்த மாதிரி வரிசை வரிசையாக, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். அந்தப் புள்ளிக்குப் பெயர் பிக்சல். அதன் நிறத்தைக் கணினி மூன்று எண்களாக வைத்துக்கொள்கிறது: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஓர் எண்ணுக்கு ஒரு பைட் இடம் வேண்டும். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000க்கு 3000, அதாவது 1.2 கோடிப் பிக்சல். மூன்றால் பெருக்குங்கள், 3.6 கோடி பைட். பத்து லட்சம் பைட் ஒரு எம்பி, ஆக 4 எம்பியாக இருந்த படம் பிரித்ததும் 36 எம்பி ஆகிவிட்டது! இவ்வளவும் போய் உட்காரும் இடம் மெமரி, அதாவது புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்வரை மட்டும் கையில் வைத்திருக்கும் இடம். கடையில் அந்தப் பாய் எப்படியோ அப்படி.

ஆக, டிஸ்க்கில் இருக்கும் கோப்பு வேறு, மெமரியில் இருக்கும் எண்களின் அட்டவணை வேறு. "படத்தைத் திறந்தேன்" என்று நாம் சொல்லும்போது இந்த முதல் பாதிதான் முடிந்திருக்கிறது. இன்னும் எதுவும் திரைக்கு வரவில்லை.

திரையில் இருப்பது எப்போதும் ஒரே படம்

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

உங்கள் லேப்டாப் திரையும் புள்ளிகளால் ஆனதுதான். விலை குறைந்த பல லேப்டாப்களில் 1366க்கு 768, கிட்டத்தட்ட பத்தரை லட்சம் பிக்சல். இந்தப் பத்தரை லட்சத்தில் எந்தப் பிக்சலுக்கு என்ன நிறம் என்பதை எழுதி வைக்க மெமரியில் ஓர் இடம் உண்டு, அதற்குப் பெயர் ஃபிரேம்பஃபர். திரை அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து, பெரும்பாலான லேப்டாப்களில் நொடிக்கு 60 தடவை, தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பின்னால் இருக்கும் வால்பேப்பர், மேலே திறந்திருக்கும் பிரவுசர், மூலையில் ஓடும் கடிகாரம் எல்லாம் நமக்குத் தனித்தனியாகத் தெரிந்தாலும் திரைக்கு அப்படி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பத்தரை லட்சம் நிறங்கள் கொண்ட ஒரே ஒரு பெரிய படம்.

அப்படிப் பார்த்தால் "நாற்பது படத்தைக் காட்டு" என்று ஒரு வேலையே கணினிக்குக் கிடையாது. நாற்பது படங்களை வைத்து ஒரு பெரிய படம் செய்ய வேண்டும், எது எங்கே, எவ்வளவு அகலத்தில், எது மேலே எது கீழே என்பதை யாராவது முடிவு செய்ய வேண்டும். அந்த யாராவது நாம்தான். நாம் சொல்லாமல் விட்டால் லைப்ரரி தனக்குத் தெரிந்தபடி செய்யும், அது பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதாகவே இருக்கும்.

ஒரே நோய்க்குறி, மூன்று நோய்

"கடைசிப் படம் மட்டும் வருகிறது" என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்றதும் எல்லாருக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாது, காரணம் என்ன என்று பார்க்க வேண்டும். நான் அதிகமாகப் பார்த்த காரணங்கள் மூன்று.

முதல் காரணம், போஸ்டர் மேல் போஸ்டர். டி.எச். ரோட்டில் போகும்போது சுவர்களைப் பாருங்கள். நேற்று ஒட்டிய கண்ணீர் அஞ்சலி மேல் இன்றைக்கு மாநாட்டு போஸ்டர், அதன் மேல் நாளைக்குப் பூப்புனித நீராட்டு விழா. சுவரில் பத்து போஸ்டர் இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கும் ஒன்று. நம் தங்கையின் புரோகிராமில் நடந்தது இதுவேதான். மேட்பிளாட்லிப் என்ற லைப்ரரியில் லூப் போட்டு, அதாவது அதே கட்டளையை நாற்பது முறை திரும்பத் திரும்ப ஓட்டி, நாற்பது தடவை "இந்தப் படத்தை வை" என்று சொல்லியிருந்தாள். அதுவும் சொன்னபடி நாற்பதையும் வைத்தது, ஆனால் ஒரே படச் சட்டத்துக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக. நாற்பதாவதாக வந்த நெத்திலி மற்ற முப்பத்தொன்பதையும் மறைத்துவிட்டது. ஓப்பன்சிவி என்ற இன்னொரு லைப்ரரியிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. அங்கே ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு பெயர் கொடுப்போம், லூப்புக்குள் எல்லாப் படத்துக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் புதிய படம் வந்ததும் பழையது போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தால் நாற்பது விண்டோ திறக்கும்தான், ஆனால் அதை யார் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது?

இரண்டாவது காரணம் விண்டோ செய்யப் பயன்படும் டிகேஇன்டர் என்ற லைப்ரரியில் வரும், பிள்ளைகளை அழ வைக்கும் காரணம் இது. பைத்தான் ஒரு பொருளுக்குப் பெயர் ஏதும் மிச்சமில்லை என்றால் அது யாருக்கும் தேவையில்லை என்று நினைத்து மெமரியிலிருந்து துடைத்துவிடும். லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் "படம்" என்ற ஒரே பெயரைப் புதிய படத்துக்குக் கொடுத்தால் முந்தைய படம் பெயரில்லாமல் நிற்கும். திரையில் அந்தப் படத்தை மாட்டியிருக்கும் சட்டம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாதா என்றால், டிகேஇன்டரில் பிடித்துக்கொள்ளாது. அதனால் சட்டம் அப்படியே இருக்கும், உள்ளே காலியாக இருக்கும், கடைசிப் படம் மட்டும் தெரியும். அதையே ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது பெயர் வைத்துத் தனியாகக் கட்டிய கட்டளைத் தொகுப்புக்குள், எழுதியிருந்தால் ஃபங்ஷன் முடிந்ததும் அந்தக் கடைசிப் படமும் போய்விடும். தீர்வு சின்னது: ஒரு காலிப் பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் அதில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பட்டியல் இருக்கும்வரை படங்களும் இருக்கும்.

மூன்றாவது காரணத்துக்கு ஒரு டீக்கடை வேண்டும்.

மாஸ்டர் காது கொடுக்க வேண்டும்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தில் பக்கத்து டீக்கடையில் நின்று பாருங்கள். மாஸ்டர் ஒரு கையால் டீ ஆற்றுகிறார், இன்னொரு பக்கம் "ஒரு லைட் டீ", "ரெண்டு பார்சல்" என்று வரும் குரலுக்கெல்லாம் காது கொடுக்கிறார், கேட்டதைச் செய்கிறார், மறுபடியும் காது கொடுக்கிறார். திரையில் திறக்கும் ஒவ்வொரு விண்டோவுக்குப் பின்னாலும் இப்படி ஒரு மாஸ்டர் இருக்கிறார். மவுஸ் அழுத்தினார்களா, விண்டோவை இழுத்தார்களா, திரும்ப வரையச் சொன்னார்களா என்று கேட்டுக்கொண்டே சுற்றும் அந்த வேலைக்குப் பெயர் ஈவென்ட் லூப். நாம் எழுதும் லூப் வேறு, இந்த லூப் வேறு.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம் என்னவென்றால், நீங்கள் "படத்தைக் காட்டு" என்று சொன்ன அந்த நொடியிலேயே படம் திரைக்கு வருவதில்லை. ஆர்டர் மட்டும் போகிறது. மாஸ்டர் திரும்பிப் பார்க்கும்போதுதான் டீ வரும். ஓப்பன்சிவியில் வெயிட்கீ என்று ஒரு கட்டளை எழுதுவார்கள், "ஒரு கீயை அழுத்தும்வரை நில்" என்பதற்காக அது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் மாஸ்டருக்குக் காது கொடுக்க நேரம் கிடைப்பதே அந்த வரியில்தான். அதை விட்டுவிட்டு லூப்பை ஓட்டினால் விண்டோ சாம்பல் நிறமாக நிற்கும், இல்லையென்றால் எதுவும் தெரியாமலே புரோகிராம் முடிந்துவிடும். லூப்பெல்லாம் முடிந்தபின் கடைசியில் ஒரே ஒரு வெயிட்கீ எழுதினால்? கடைசிப் படம் மட்டும் தெரியும். அதே காய்ச்சல், மூன்றாவது காரணம்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் நடக்கும். மேட்பிளாட்லிப்பில் லூப்புக்குள்ளேயே "ஷோ" என்று எழுதினால் முதல் படம் வந்து நிற்கும், நீங்கள் அந்த விண்டோவை மூடும்வரை அடுத்த வரிக்கே போகாது. மூடினால் இரண்டாவது. இப்படி நாற்பது முறை மூட வேண்டும். புரோகிராம் கெட்டுப்போகவில்லை, ஷோ என்பது கதவைச் சாத்திக்கொண்டு மாஸ்டரிடம் கடையை ஒப்படைக்கும் வரி, அதனால் எல்லாவற்றையும் அடுக்கி முடித்தபின் கடைசியில் ஒரே ஒரு முறை எழுத வேண்டிய வரி.

சுருக்கமாகச் சொன்னால் கடைசிப் படம் மட்டும் தெரிகிறதென்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் விழுகிறதா? முந்தைய படங்கள் மெமரியில் இன்னும் இருக்கின்றனவா? வரைவதற்கு மாஸ்டருக்கு நேரம் கொடுத்தோமா?

கட்டம் போடுவது

சரி, இப்போது அடுக்குவோம். நாற்பது படம், குறுக்கே 8, கீழே 5 வரிசை. இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதை கிரிட் என்பார்கள். பதின்மூன்றாம் எண் படம் எந்தக் கட்டத்துக்குப் போகும்? கணினி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 13ஐ 8ஆல் வகுங்கள். ஈவு 1, மீதி 5. ஈவு வரிசையைச் சொல்கிறது, மீதி அந்த வரிசையில் எத்தனையாவது கட்டம் என்பதைச் சொல்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் நம் கணக்கில் அது இரண்டாம் வரிசை, ஆறாம் கட்டம். மூன்றாம் வகுப்பில் படித்த வகுத்தல்தான், எந்த லைப்ரரியிலும் இதுவே போதும். மேட்பிளாட்லிப்பில் சப்பிளாட்ஸ் என்ற கட்டளைக்கு 5, 8 என்று கொடுத்தால் அதுவே நாற்பது சட்டம் செய்து கொடுத்துவிடும், நாம் ஒவ்வொன்றிலும் ஒரு படம் வைத்தால் சரி.

கட்டத்தின் அளவு என்ன? 1366ஐ 8ஆல் வகுத்தால் சுமார் 170, 768ஐ 5ஆல் வகுத்தால் சுமார் 153. ஆனால் படம் 4000க்கு 3000. அப்படியே இழுத்து அமுக்கி 170க்கு 153இல் வைத்தால் வவ்வால் மீன் உருண்டையாகிவிடும். அதனால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எது சின்ன விகிதமோ அதை இரண்டு பக்கத்துக்கும் பயன்படுத்த வேண்டும். அகலத்துக்கு 170ஐ 4000ஆல் வகுத்தால் 0.0425, உயரத்துக்கு 153ஐ 3000ஆல் வகுத்தால் 0.051. சின்னது 0.0425, எனவே படம் 170க்கு 128 ஆகும், மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெற்றிடம் விழும். விழட்டும். மீன் மீனாகத் தெரிவது முக்கியம்.

பாய் போதாதபோது

கிரிட் போட்டபின் அவளுடைய லேப்டாப் மூச்சு வாங்க ஆரம்பித்தது. 4 ஜிபி மெமரி உள்ள லேப்டாப். கணக்கைப் பாருங்கள்: ஒரு படம் பிரித்தால் 36 எம்பி, நாற்பது படம் 1440 எம்பி. வரையும்போது லைப்ரரி எடுத்துக்கொள்ளும் கூடுதல் இடம் தனி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு கடைசியில் திரையில் நாம் காட்டுவது 170க்கு 128 அளவில்! ஒவ்வொரு படத்திலும் இருக்கும் 1.2 கோடிப் பிக்சலில் திரைக்குப் போவது இருபத்திரண்டாயிரத்துக்கும் குறைவு.

நல்ல விற்பனையாளர் ஒரு புடவையை விரித்துக் காட்டிவிட்டு, பிடிக்கவில்லை என்றால் மடித்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பிரிப்பார். அதையே செய்யுங்கள். ஒரு படத்தைத் திற, கட்டத்தின் அளவுக்குச் சிறிதாக்கு, சிறியதை மட்டும் வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடு, அப்புறம் அடுத்த படத்துக்குப் போ. இந்தச் சிறிய படத்துக்குப் பெயர் தம்ப்நெய்ல். நாற்பது தம்ப்நெய்லும் சேர்ந்து இரண்டரை எம்பி சொச்சம்தான் வரும். 1440 எங்கே, இரண்டரை எங்கே! எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் புது லேப்டாப் வாங்க வேண்டும் என்று அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் அந்த இடத்தில் மாறும்.

போனில் ஆயிரக்கணக்கான படம் இருந்தும் கேலரி தடங்கல் இல்லாமல் நகர்வதும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் சில வரிசைகளின் தம்ப்நெய்லையும் அதற்குச் சற்று முன்பின்னும் மட்டுமே அது கையில் வைத்திருக்கும், விரலால் தள்ளத் தள்ள மேலே போனதை விட்டுவிட்டு கீழே வருவதை எடுத்துக்கொள்ளும்.

நீலச் சங்கரா

படங்கள் வரிசையாக வந்தன, வேகமாகவும் வந்தன. ஆனால் சங்கரா மீன் நீலமாக வந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய மீன், ஏதோ மை தடவிய மாதிரி.

பிக்சலுக்கு மூன்று எண் என்று சொன்னேன் இல்லையா, அந்த மூன்றை எந்த வரிசையில் எழுதுவது என்பதில் லைப்ரரிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. மேட்பிளாட்லிப் சிவப்பு, பச்சை, நீலம் என்று எதிர்பார்க்கும். ஓப்பன்சிவி நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாகத் தரும். அவள் ஓப்பன்சிவியில் படத்தைத் திறந்து மேட்பிளாட்லிப்பில் காட்டினாள், சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன. ஆரம்பத்தில் ஏன் இது கண்ணில் படவில்லை? அப்போது தெரிந்தது ஐஸ் மேல் வைத்த நெத்திலி மட்டும்தானே. வெள்ளிக்கும் வெள்ளைக்கும் மூன்று எண்களும் கிட்டத்தட்ட சமம், இடம் மாற்றினாலும் நிறம் மாறாது. ஓப்பன்சிவியிலேயே வரிசையை மாற்றித் தரும் கட்டளை இருக்கிறது, படத்தைத் திறந்ததும் ஒரு வரி எழுதினால் முடிந்தது.

நிமிர்த்தி எடுத்த படம் படுத்துக்கொண்டு வருவதும் இதே ரகம். போன் பல நேரம் படத்தைப் படுத்தபடியே சேமித்துவிட்டு, "காட்டும்போது திருப்பிக்கொள்" என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைச் சில லைப்ரரிகள் படிக்கும், சில படிக்காது. படிக்காததைப் பயன்படுத்தினால் நாம்தான் திருப்ப வேண்டும்.

பெயர் மாறிய மீன்கள்

எல்லாம் முடிந்தது என்று நினைத்து அவள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். நாற்பது வகையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர், பார்த்த உடனே, "என்னம்மா, நண்டுக்குக் கீழ சங்கரான்னு போட்டிருக்கே" என்றாராம்.

கோப்புகளுக்கு மீன்1, மீன்2 என்று மீன்40 வரை பெயர் வைத்திருந்தாள், கீழே போட வேண்டிய பெயர்களையும் அதே வரிசையில் எழுதியிருந்தாள். ஆனால் கோப்புப் பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் புரோகிராம் அவற்றை எண்ணாகப் பார்க்காது, அகராதி மாதிரி எழுத்து எழுத்தாகப் பார்க்கும். மீன்1க்கு அடுத்து மீன்10, மீன்11 என்று மீன்19 வரை வந்துவிட்டு அப்புறம்தான் மீன்2 வரும். அதனால் இரண்டாவது கட்டத்தில் பத்தாவது படம் உட்கார்ந்துகொண்டது. முதல் படத்தைத் தவிர முப்பத்தொன்பது மீனுக்கும் வேறு மீனின் பெயர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார்ந்து ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள கோப்புகளுக்கு மீன்01, மீன்02 என்று முன்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்தாள். புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றவில்லை. ஓட்டியதும் சங்கராவுக்குக் கீழே சங்கரா, நண்டுக்குக் கீழே நண்டு. போனில் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் லேப்டாப்பை மூடினாள்.